இட்லிக் கொப்பரையில் வெந்த யாழ்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பிள்ளைகள் விவரம். நாம் எழுதிக்கொண்ட கடிதங்களில் நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைத்தான் எழுதுவோம். நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்கள் என்பதற்காக அந்த முறையை மாற்ற எனக்கு மனமில்லை.

மூத்தவன் மகன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்துவிட்டான். கணக்கில் ஒரு மார்க்குகூட விடவில்லை. அவன் தங்கை பேச்சுப் போட்டியில் கப் வாங்கினாள். அந்தக் கப்பில் நான் கல்லுப்பைப் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டேன் என்று என்னோடு பேசாமல் திரிகிறாள். சின்னவன் மகன் படிப்பில் சுமார்தான். ஆனால் போடிமெட்டு ஏற்றத்தில் நின்றுபோன லாரியை ஒற்றை ஆளாகச் சரிபண்ணிக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். அதைக் குறைத்து எழுத நான் சம்மதிக்க மாட்டேன். மகள் வயிற்றுப் பேத்தி மதுரையில் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். அது லேசில் நடக்கவில்லை, பின்னால் சொல்கிறேன். கடைக்குட்டிப் பயல் போன வாரம் 'வாழைப்பழம்' என்று சுத்தமாகச் சொன்னான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் ஒரு பெரிய செய்தி. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்தது. உங்கள் மகளுக்குப் பதவி உயர்வு. பொதுப்பணித்துறை ஆபீசில் அணைக்கும் வாய்க்காலுக்கும் வரைபடம் போடுகிறவர்களுக்கெல்லாம் இனி அவள்தான் தலைமை. ஆண்கள் இழுத்த கோட்டை இவள் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகுமாம்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்கு ஆசாரிதான் காரணம். பேரன் படிக்கிற மேசைக்குக் கால் ஆட்டம் கண்டுவிட்டது. காலையில் ஆசாரி வந்து வாசலில் மூன்று கல்லைக் கூட்டி வச்சிரம் காய்ச்சினார். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையின் நாற்றம் உங்களுக்குத் தெரியாததா? மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆத்தா, தள்ளி உக்காருங்க, வாடை தாங்காது" என்றார் ஆசாரி. "நீ கிண்டு, எனக்கு ஒரு ஆளு ஞாபகம் வருது" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தலையைக் குனிந்து கிண்டத் தொடங்கினார்.

உத்தமபாளையம் கன்னியர் மடத்தின் பின்கட்டில் அந்த நீள அறை. அதற்குமுன் நெல் மூட்டை போட்டிருந்த அறை என்பதால் எவ்வளவு கூட்டினாலும் தூசி அடங்காது. சிஸ்டர் அதைப் பெண்களுக்கு வேலை அறையாக ஆக்கினார். அவர் அயர்லாந்துக்காரர். அப்படி ஒரு நாடு இருப்பதே அவரால்தான் நமக்குத் தெரியும். அதற்குமுன் வெள்ளைக்காரர் எல்லாருக்கும் ஒரே ஊர் என்றுதான் நினைத்திருந்தோம். நீங்கள் அப்படியே அவரிடம் சொல்லியும்விட்டீர்கள். அவர் முகம் சிவந்துபோனது.

"அவங்க வேற, நாங்க வேற. நாங்களும் அவங்ககிட்டருந்துதான் விடுதலை வாங்கினோம்" என்றார் சிஸ்டர்.

"அப்ப நீங்க நம்ம ஆளுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றீர்கள் நீங்கள். அன்றிலிருந்து அவருக்கு உங்கள்மேல் தனிப் பிரியம்.

அவர் ஊரில் ஒரு வாத்தியம் உண்டு. அந்த நாட்டுக் காசிலேயே அதன் உருவம்தான் பொறித்திருக்கும். நிமிர்ந்த ஒரு தூண், வளைந்த ஒரு கழுத்து, சாய்ந்த ஒரு பலகை, நடுவில் வரிசையாக நரம்புகள். அவர் அதற்குத் தம் ஊர்ப் பேர் ஒன்று சொன்னார், நம் வாயில் நுழையவில்லை. மடத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் பார்த்துவிட்டு "இது யாழ்" என்றார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அந்த யாழைச் சின்னதாக, ஒரு சாண் உயரத்துக்கு, பொம்மையாகச் செய்து கப்பலில் அனுப்பினால் அங்கே சபைக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு விற்றுத் தருவார்கள் என்று சிஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். முதலில் அவர் ஊர்க் குழலையும் மூங்கிலில் செய்து பார்த்தோம். ஊதினால் சத்தத்தைவிட எச்சில்தான் அதிகம் வந்தது. அதை விட்டுவிட்டோம்.

மேகமலை எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தைச் சின்னமனூர் மில்லில் அறுப்பார்கள். மிச்சம் விழும் துண்டுகள் நமக்கு வரும். நீங்கள் கம்பி ரம்பத்தால் கழுத்தை வளைவாக அறுப்பீர்கள். அந்த வளைவு அந்த அறையில் வேறு யாருக்கும் கைவரவில்லை. எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலையும், தூண்டில் நரம்பை அளந்து வெட்டுகிற வேலையும். தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே போய்விட்டது என்று நான் சொன்னபோது, "நல்லதாப் போச்சு. இனி எந்தப் பத்திரத்துலயும் உன் கைநாட்டை உருட்ட முடியாது" என்றீர்கள்.

உங்களுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். மச்சான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு உத்தமபாளையத்தில் அந்த ஓட்டு வீட்டில் நீங்களும் மகளும் மட்டும்தான். கூடலூரில் ஜீப் ஓட்டுகிற உங்கள் அண்ணன் உங்களைத் தன் வீட்டோடு கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கை தனியாகக் கிடக்கிறாளே என்று அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் மகள் ஏலக்காய்ப் பிரிக்கிற கொட்டகைக்குப் போவாள், பள்ளிக்கூடம் அதோடு சரி என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருநாள் மடத்து வாசலில் வைத்தே அவர் உங்களிடம் சொன்னார்.

"புள்ளைக்கு அஞ்சு முடிஞ்சிருச்சுல்ல. பொம்பளப் புள்ளைக்கு அது போதும்த்தா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் அஞ்சுதான். அந்த அஞ்சு எம்புட்டு என்று அஞ்சோடு நின்றவளுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

"அண்ணே, இந்த லோடு கப்பல் ஏறட்டும். மறுபடி வேணும்னு அங்கனருந்து கேட்டு எழுதுனா நான் இங்கனதான் இருப்பேன். இல்லேன்னா நீ சொல்ற மாதிரி வர்றேன்."

"சரி, பார்ப்போம்" என்று ஜீப்பைக் கிளப்பினார். அவர் பார்ப்போம் என்றால் வருவார் என்று அர்த்தம்.

லோடு போக வேண்டிய நேரத்தில்தான் சிஸ்டருக்குக் கண்ணில் நோவு வந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது அட்டைப்பெட்டிகளைக் காட்டி, "எல்லாத் துண்டுகளையும் பெட்டிக்குள்ள வைங்க. நரம்பு, முளை, வச்சிரப் பொட்டலம், படம் போட்ட தாள், எல்லாம் உள்ள இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

முதல் பெட்டியை நான்தான் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் அதை எல்லாருமாகப் பார்த்தோம். தூண் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். யாருக்கும் மனசு ஒப்பவில்லை. நம் பக்கத்தில் சீர் கொண்டுபோகிறவர்கள் கட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்ற மாட்டார்கள். எவ்வளவு இடைஞ்சல் ஆனாலும் நாலு காலும் பூட்டினபடிதான் ஏற்றுவார்கள். கழற்றின கட்டில் வீட்டுக்குள் வந்தால் அந்தக் குடும்பம் சேர்ந்து நிற்காது என்பது உங்கள் பள்ளிவாசல் தெருவிலும் பேச்சு, எங்கள் கோயில் தெருவிலும் பேச்சு.

"பச்சப்புள்ளைக்குப் போற சாமானை இப்பிடி முறிச்சா அனுப்புவாக?" என்றீர்கள்.

"சிஸ்டர் துண்டு துண்டா வைக்கத்தான சொன்னாக?" என்றேன்.

"கண்ணு நோவுல அவுக என்ன சொன்னாகளோ. படத்தைப் பாரு. பூட்டுற முறைய ஒண்ணொண்ணா வரைஞ்சு வச்சிருக்காக. நமக்காகத்தான் வரைஞ்சிருக்காக. பசையும் குடுத்திருக்காக. பூட்டச் சொல்லாமயா பசையைக் குடுத்தாக?"

இப்போது யோசித்தாலும் அந்தப் பேச்சில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. பெட்டி தட்டையாக இருந்ததை நாம் பார்க்காமல் இல்லை. வேறு பெட்டி வரும் என்று நினைத்துக்கொண்டோம்.

வச்சிரத்தை ஊறப்போட்டோம், காய்ச்சினோம், பூட்டினோம். அக்கா, அந்த நாட்களில் நாம் வேலை செய்த மாதிரி அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. துண்டாகக் கிடந்தவரை அது விறகுதான். பூட்டி நரம்பு கட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் 'ணிங்' என்று ஒன்று வந்தது. எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். அலமாரி முழுக்க யாழ் வரிசை கட்டி நின்றது. கடைசியில் நான் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். உங்களைப் பார்த்தேன். "வையி, வையி. வாத்தியத்துக்குப் பொட்டு வைக்க என்னைய எதுக்குப் பார்க்குற" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது மறுநாள் சாயங்காலம் தேனி ஸ்டேஷனில் பார்சல் ஏற வேண்டும். அதை விட்டால் கப்பல் தப்பிவிடும். அறைக் கதவைத் திறந்தார். நாம் எல்லாரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரவுக்கு நிற்பதைப்போல நின்றோம். அவர் அலமாரியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். ஒரு யாழைக் கையில் எடுத்தார், நரம்பைத் தட்டினார். பிறகு முன்பு நெல் மூட்டை போட்டிருந்த பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார். "ஆனா பெட்டிக்குள்ள போகாதே."

பிறகு மெதுவாகச் சொன்னார். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டே அதைச் சேர்ப்பதுதானாம். அப்பாவும் மகனுமாக உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, பசை தடவி, தாங்களே பூட்டி முடிப்பார்களாம். பூட்டின பொம்மையை அவர்கள் கேட்கவே இல்லையாம்.

நீங்கள்தான் பேசினீர்கள்.

"அப்ப அந்த விளையாட்டை நாங்க விளையாண்டுட்டோம்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் கட்டோடு சிரித்தார். சிரித்து முடித்ததும், அந்த ஊருக்கு ஒரு தந்தி கொடுத்துவிடலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த வருஷம் நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள் என்பதுதான் அந்தத் தந்திக்கு அர்த்தம்.

"தந்தி வேண்டாம் சிஸ்டர்" என்றீர்கள். "ஒட்டுனது நாங்கதான. பிரிக்கவும் செய்றோம்."

"உடைஞ்சிரும்."

"போன சாரல்ல எங்க வீட்டு அலமாரிக் கதவு தானாக் கழண்டு என் கால்ல விழுந்துச்சு. வச்சிரம் ஈரத்துக்கு இளகும். ஈரமும் சூடும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் இளகும்ல?"

சிஸ்டர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். விடுதிப் பிள்ளைகளுக்கு இட்லி அவிக்கிற பெரிய கொப்பரை இருக்கிறது, அதில் ஆவி நிறைய வரும் என்று சொன்னது அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் விடுதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றிவிட்டுக் கொப்பரையை எடுத்துக்கொண்டோம். இட்லித் தட்டில் துணி விரித்து முதல் யாழை வைத்து மூடினோம். அதிக நேரம் விட்டுவிட்டோம். மூடியைத் திறந்தபோது பலகை அப்பளம்போல வளைந்து கிடந்தது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். "அழுகையை வெளிய போய் அழு, இங்கன ஏற்கனவே ஈரம் ஜாஸ்தி" என்று அவளை விரட்டினீர்கள். இரண்டாவதைச் சீக்கிரம் எடுத்தோம். கத்தி முனையை இடுக்கில் விட்டு நீங்கள் ஒரு திருப்புத் திருப்பினீர்கள். கழுத்து தனியாக, தூண் தனியாகக் கையோடு வந்தது.

ஆனால் சாரல் காலம். வெயில் கிடையாது. ஈரப் பலகையைப் பெட்டியில் வைத்தால் கப்பலிலேயே பூசணம் பிடித்துவிடும். அப்போது சிஸ்டர் கரி இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்தார். தமது தலைத்துணியைத் தாமே மடிப்புக் கலையாமல் தேய்க்கிறவர் இல்லையா. ஒவ்வொரு பலகைமேலும் துணியைப் போட்டு அதேபோல அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ஆவி பொங்கியது. லேசாக வளைந்த பலகை நிமிர்ந்தது. நிமிர்ந்ததை நான் வாங்கி அடுக்கி, மேலே அவருடைய கனத்த புத்தகங்களை எல்லாம் பாரம் வைத்தேன். குங்குமத்தைத் துடைக்க மட்டும் நேரம் இல்லை. அது மரத்தில் ஊறிப் பிடித்துக்கொண்டது.

பாதி வேலையில் ஜீப் சத்தம் கேட்டது. உங்கள் அண்ணன் நேராக உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் டிரங்குப்பெட்டி, பாத்திரம், பாய் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லோடு போகிற நாள் அவருக்கும் தெரியும். பூட்டின கதை ஒரே ராத்திரியில் எப்படியோ கூடலூர்வரை போயிருந்தது. பின்கட்டில் வந்து நின்று, கொப்பரையைப் பார்த்தார்.

"என்னத்தா இது? கட்டையை அவிச்சுத் திங்கிற பஞ்சமா வந்துருச்சு இங்கன?"

"வாண்ணே, உக்காரு. ஒரு ஈடு எறங்கப்போகுது" என்றீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"விளையாடாத. எல்லாம் கேள்விப்பட்டேன். இனிமே இதுல என்ன இருக்கு? வா, ஏறு."

"முடிச்சிட்டுப் பேசுறேன்."

அவர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனவர் சிஸ்டரைப் பார்த்ததும் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாம் வேலையை நிறுத்தவில்லை. அவித்தோம், பிரித்தோம், தேய்த்தோம், அடுக்கினோம். அப்பளமாக வளைந்த அந்த முதல் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் பெட்டிக்குள் போயின. ஆனால் பெட்டிகளைத் தேனிக்குக் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்த வாழைக்காய் லாரிக்காரர் அதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். காய் பழுத்துவிடும், இனி நிற்க முடியாது, கிளம்பிவிட்டேன் என்று.

சிஸ்டர் இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றீர்கள்.

"அண்ணே, என்னைய ஏத்த வேண்டாம். பெட்டியை ஏத்து."

"என்னது?"

"ஜீப்புல உள்ள என் சாமானை இறக்கு. அந்த இடத்துல இதை ஏத்திக்கிட்டு தேனிக்குப் போ. சாயங்கால ரயிலுக்குப் பார்சல் போட்டுட்டு ரசீது வாங்கிட்டு வா. இது போய்ச் சேர்ந்து பதில் வரலேன்னா, நீ ஜீப்பு எடுக்கவே வேண்டாம். நானே நடந்து வந்து உன் வாசல்ல நிக்கிறேன்."

அவர் உங்களை முறைத்தார். நீங்களும் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் தங்கை இருவர் முகமும் அப்போது ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்து என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவர் வானத்தைப் பார்த்தார்.

"தார்ப்பாய் வேணும். சாரல் அடிக்குது" என்றார்.

உங்கள் டிரங்குப்பெட்டி இறங்கியது. பாத்திரம் இறங்கியது. பாய் இறங்கியது. யாழ்ப்பெட்டிகள் ஏறின. ஜீப் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிரங்குப்பெட்டியின் ஒரு காதை நீங்களும் மறு காதை நானும் பிடித்து, தூறலோடு தூறலாக உங்கள் வீட்டுக்கே திரும்பத் தூக்கிக்கொண்டு போனோம். வழியில் நீங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினீர்கள். "உள்ள அரிசி இருக்கு, நனையாமப் பிடி."

ஒரு வாரத்துக்கு விடுதிப் பிள்ளைகள் இட்லியில் வச்சிர வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் பெரிய பாடு. கிறிஸ்துமஸ் போனது, பொங்கலும் போனது. உங்கள் அண்ணன் உத்தமபாளையம் வழியாகப் போகும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே, "வந்துச்சா?" என்பார். "வரும்" என்பீர்கள். வேறு பேச்சு கிடையாது. மகளை ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருந்ததில்லை நீங்கள். காய்ச்சல் என்று அவள் படுத்த அன்றும், "காய்ச்சல் அங்கன போனாலும் அடிக்கும், போ" என்று எழுப்பிவிட்டீர்கள்.

வந்தது. சிஸ்டர் அறை வாசலில் நின்று படித்துச் சொன்னார். எல்லாம் விற்றுவிட்டதாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னும் அதிகம் வேண்டுமாம். சில யாழ் லேசாகக் கோணலாக இருந்தது, இந்தியா யாழ் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்களாம். கழுத்தில் இருக்கிற சிவப்புப் பொட்டு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பார்த்துப் பூட்ட வசதியாக இருந்ததாம், இனிமேலும் அதை விடாமல் வைக்கச் சொன்னார்களாம்.

நான் அழுதுவிட்டேன். மற்றவர்களும்தான். நீங்கள் ரம்பத்துக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"குங்குமம் வாங்க ஆள் அனுப்புங்க சிஸ்டர்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்த அறை பிறகு பல வருஷம் ஓடியது. சிஸ்டருக்கு வயதாகி ஊருக்குப் போனபின் அது தையல் பள்ளியாகிவிட்டது. அதற்காக நான் மூக்கைச் சிந்தப்போவதில்லை. அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. உங்கள் மகள் ஆறு படித்தாள், பத்து படித்தாள், அதற்குமேலும் படித்தாள். பூட்டுகிற முறையைப் படம் படமாகப் போட்ட அந்தத் தாள்தான் அவளை வரைபட வேலைக்கு இழுத்தது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அவளோ, அதெல்லாம் இல்லை, அந்த வருஷம் அந்தப் படிப்பில்தான் இடம் கிடைத்தது என்பாள். நான் உங்கள் கட்சி.

பேத்தி விஷயம் சொல்கிறேன் என்றேனே. மருமகன் பெண்பிள்ளையை மதுரை ஹாஸ்டலில் விட முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும் என்று எல்லாம் பேசினார். நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பேத்தியின் பெட்டியை நானே கட்டினேன். அதைத் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு ரிக்ஷாவில் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மருமகன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அத்தை, என்ன இது, எல்லாரும் பார்க்குறாக."

"பார்க்கட்டும் மாப்ளே. ஒண்ணு, பெட்டியை ஏத்துங்க. இல்லேன்னா நான் இங்கனயே இருக்கேன். எனக்கு வீட்ல ஒரு வேலையும் இல்ல."

மூன்று மதுரை பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏற்றினார். எங்கே படித்தீர்கள் இந்தப் பேச்சை என்று பேத்தி ஜன்னல் வழியாகக் கேட்டாள். அடுத்த லீவுக்கு வா, சொல்கிறேன் என்றேன். என்னிடம் இருக்கிற துணிச்சல் எல்லாம் நான் பிறந்தபோது கொண்டுவந்தது இல்லை அக்கா. பாதிக்குமேல் அந்தக் கொப்பரைப் பக்கத்தில் நின்று வாங்கியது. அது இன்னும் தீரவில்லை. தீருவதற்குள் இன்னும் இரண்டு பேத்திகளைப் பஸ் ஏற்றியாக வேண்டும்.

உங்கள் மய்யித்தைப் பள்ளிவாசலுக்கு எடுக்கிற நேரத்துக்குத்தான் என்னால் வந்து சேர முடிந்தது. அதே ஓட்டு வீடு. உங்கள் அண்ணன் கம்பை ஊன்றி வாசலில் நின்றிருந்தார். முழுசாக நரைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் என் ஜீப்புல ஏறவே இல்லத்தா, அவ" என்றார். அதில் குறை இல்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

இந்த மடலை உங்கள் மகள் விலாசத்துக்குத்தான் அனுப்பப்போகிறேன். அம்மாவுக்கு வந்ததை வேறு யார் பிரிப்பார்கள்? ஆகையால் கடைசி நாலு வரி பிரிக்கிறவளுக்கு.

பாப்பா, பதவி உயர்வு வந்து இவ்வளவு நாளாகியும் சின்னம்மாவுக்கு ஒரு படம் அனுப்பவில்லை நீ. என்னிடம் இருப்பது பள்ளிக்கூடத்து வரிசையில் நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பழைய படம். அது எனக்கு வேண்டாம். ஆபீசில் உன் புது நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் வரைபடம் விரித்திருக்க, கையில் பேனாவோடு ஒன்று எடுத்து அனுப்பு. வெட்கமாக இருக்கிறது, நேரமில்லை என்றெல்லாம் எழுதாதே. என் பேரன் பேத்திகள் படங்களுக்கு நடுவில் இடம் ஒதுக்கி ஆணியும் அடித்துவிட்டேன். வந்து போகிறவர்களெல்லாம் அந்த வெறும் ஆணியைப் பார்த்து யாருக்கு என்று கேட்கிறார்கள். இந்த வாரத் தபாலிலேயே போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் சின்னம்மா